தங்கபாய் கரும்பலகையில் எழுதியது

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ போனில் என்னிடம் ஏதோ கேட்டாய். நான், "செரி மக்களே, ஆவட்டு" என்றேன். நீ சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது. என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. உன் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து, இது சந்தோஷமான காரியம், 'சரி' என்றால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு வருஷமாக உன்னோடு போனில் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் உன் செய்தி வந்தது. "ரொம்ப நன்றிப்பா. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில பதினொரு மணி. பதினைஞ்சு நிமிஷம் வீடியோவில பேசினா போதும். தங்கபாய் அக்கா கதைய நீங்களே சொன்னாத்தான் நல்லாயிருக்கும்." அதை வாசித்த பிறகுதான் எதற்குச் சம்மதித்திருக்கிறேன் என்று புரிந்தது. நீ குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் பெங்களூரில் நடத்தப்போகும் கடைசிப் பயிற்சி அது என்பதும், உன் கம்பெனி மேலாளர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்பதும் அதில்தான் இருந்தது.

செய்தியோடு நீ அனுப்பியிருந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். போன மாதம் நீ நடத்திய பயிற்சி. கீழே எழுத்து ஓடியதால் நீ பேசியதை வாசிக்க முடிந்தது. வட்ட மேசைகளைச் சுற்றி உன் கம்பெனிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழுவை நடத்துகிறவர் அங்கே யாருடைய குரல் எழும்பவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும் என்று நீ சொல்கிறாய். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அப்பாவிடம் படித்தேன் என்றும் சொல்கிறாய். திரையில் அந்தப் பழைய படம் வருகிறது. எங்கள் ஆலையின் சாப்பாட்டுக் கூடம். கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும் தங்கபாய். பக்கத்தில் அடர்ந்த மீசையோடு சிரித்துக்கொண்டு நான். காது கேளாத ஒரு பெண்ணை முந்திரி ஆலையில் கண்காணிப்பாளர் ஆக்கியவர் என் அப்பா, அவளைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்திப் பேசவைத்தவர் என்று நீ சொன்னதும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். படத்தில் அவளுடைய தோள் மறைப்பதால் எழுத்து தெரியவில்லை. அவள் என்ன எழுதுகிறாள் என்று உன் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நீயும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. நீ கேட்டுவிடக் கூடாது என்று நான் பயந்திருந்தேன்.

குற்றம் உன்மேல் இல்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மினுமினுப்பாகிக்கொண்டே வந்தது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் இடையில் நீ ஏதாவது கேட்பாய். எனக்குக் கேட்காது. மறுபடியும் 'சரி' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

முதலில் தங்கபாய் எப்படிக் கண்காணிப்பாளர் ஆனாள் என்பதைச் சொல்கிறேன். திற்பரப்புப் பக்கம் எங்கள் ஆலையை ஊரார் அண்டியாபீஸ் என்பார்கள் என்று உனக்குத் தெரியும். வறுத்து, உடைத்து, தோல் நீக்கிய பருப்பை முழுசு, பிளவு, துண்டு என்று தரம் பிரிக்கிற பகுதியில் தங்கபாய் இருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போனவள். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். முறத்தில் பருப்பைக் கொட்டினால் ஒரு பார்வையில் தரம் சொல்லிவிடுவாள். பெண்கள் அவளைப் 'பொட்டி' என்று கூப்பிட்டார்கள். காது கேளாதவளுக்கு இங்கே வழங்குகிற சொல். எதிரில் நின்றே சொல்வார்கள், அவளுக்குக் கேட்காதே என்ற தைரியம். நான் ஒரு நாளும் அவர்களைத் திருத்தியதில்லை. அந்தப் பகுதியின் கண்காணிப்பாளர் வேலையை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு இரண்டு பெண்கள் போட்டியிட்டார்கள். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் பாதிக் கூட்டம். ஒருத்தியைப் போட்டால் மற்றவள் கட்சி வேலைக்கு வராது. மேலாளரான நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் பொட்டி எந்தப் பக்கம்?" என்றார். எந்தப் பக்கமும் இல்லை என்றேன். "அப்ப அவளையே போடும் ஓய். சண்ட பிடிக்கவும் மாட்டா, ஆரு என்ன சொன்னாலும் கேக்கவும் செய்யாது" என்றார். நான் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது. திறமையைக் கண்டுபிடித்தேன், எதிர்ப்பை மீறி நியமித்தேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பிறகு நான் சேர்த்தது.

அவள் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்தாள். தன் பகுதிப் பெண்களோடு கையாலேயே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டாள். முழுசுக்கு ஒரு விரல், கருத்த பருப்புக்கு நெற்றியில் ஒரு தட்டு, தண்ணீர் குடிக்கப் போக ஒன்று, வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்ல ஒன்று. மூன்று மாதத்தில் அந்தக் கூடமே அமைதியாகிவிட்டது. பொட்டி என்று கூப்பிட்டவர்களே, "தங்கபாய் அக்கா கிட்ட கேட்டுட்டு வாறேன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தக் கை பாஷையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. உள்ளங்கையை முன்னால் தள்ளிக் காட்டினால் 'பொறவு', பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். அதைத்தான் நான் அவளிடம் அடிக்கடி சொன்னேன்.

சனிக்கிழமை தோறும் கண்காணிப்பாளர்கள் ஆறு பேரும் என் அறையில் கூடுவோம். அவளுக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எல்லாருக்கும் முன்பே வந்து உட்காருவாள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவாள். நாங்கள் பேசுவோம், சத்தம் போடுவோம், சிரிப்போம். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். எல்லாரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள், ஆனால் ஒரு கணம் பிந்தி. கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். நான் உள்ளங்கையைத் தள்ளிக் காட்டுவேன். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். ஆறு வருஷம் இப்படி. அவளுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறோம் என்ற பெருமை எனக்கு. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த நாட்களில்தான் நீ இப்போது நடத்துகிற மாதிரியான ஒரு பயிற்சிக்கு நானும் போனேன். எங்கள் பருப்பை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ஆலைகளில் எல்லாரையும் சமமாகச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மேலாளர்களை நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த பெண் உன் வயதிருப்பாள். நல்ல பெண். "உங்க இடத்துல யார் பேசாம இருக்காங்க?" என்று அவள் கேட்டதும் நான் முதல் ஆளாக எழுந்து தங்கபாயைப் பற்றிச் சொன்னேன். உனக்குச் சொன்ன மினுமினுப்புக் கதை முதன்முதலில் பிறந்தது அந்த ஹோட்டலில்தான். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "கைதட்டினது இருக்கட்டு. அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா, ஒனக்கு இஞ்ச எப்பிடி இருக்குதுன்னு?" இவளுக்கு இதெல்லாம் எங்கே மனசிலாகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

அந்தப் பயிற்சியை ஒவ்வொரு மேலாளரும் தன் ஆலையில் திரும்ப நடத்தி, படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நான் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைப் போட்டு, ஒரு கரும்பலகையும் வரவழைத்து நிறுத்தினேன். தங்கபாய் முதல் பெஞ்சில் புது நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். பலகைப் பக்கம் திரும்பி எழுதினேன், திரும்பியபடியே பேசினேன். என் மீசை உதட்டை மூடியிருந்தது. பலகையில் நான் எழுதியது 'அனைவரின் குரல்' என்ற இரண்டு சொற்கள் மட்டும். அவள் அந்த இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தாள். நான் பேசிக்கொண்டே போனேன். அரைமணி நேரம் இருக்கும். அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சாக்பீஸை எடுத்தாள். நான் எழுதியதற்குக் கீழே, தெளிவான கையெழுத்தில் எழுதினாள்.

"சார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்."

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் குமாஸ்தா, "சார், இஞ்ச பாருங்க" என்று காமிராவைத் தூக்கினார். நான் பார்த்துச் சிரித்தேன். நீ திரையில் போட்ட படம் அதுதான், மக்களே. அது வெளிநாட்டுக்குப் போய், அவர்களுடைய வழவழப்பான புத்தகத்தில் அச்சாகித் திரும்பியும் வந்தது. காமிரா இறங்கியதும் நான் அவளைப் பார்த்து உள்ளங்கையைத் தள்ளிக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மற்றக் கண்காணிப்பாளர்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். நான் எழுத்தை அழித்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசினேன். முடிவில் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கூட்டம் சீக்கிரம் முடிகிறதே என்றுகூட ஒரு நாள் தோன்றியது. இரண்டு மாதம் கழித்து, வீட்டில் வேலை இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ராஜாக்கமங்கலத்துக்குத் தன் அக்காள் வீட்டோடு போய்விட்டாள். அவள் பகுதிப் பெண்கள் வாசல்வரை போய் வழியனுப்பினார்கள். நான் அறைக்குள்ளேயே இருந்தேன்.

இதையெல்லாம் நான் பத்து வருஷத்துக்கு மேலாக நினைக்காமல்தான் இருந்தேன். நினைக்கவைத்தது என் காதுதான். உன் அம்மா போன பிறகுதான் எனக்கு எவ்வளவு கேட்காமல் போயிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. சபையில், கல்யாண வீட்டில், கடையில், அவள் எப்போதும் என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, மற்றவர் சொன்னதை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "அவரு மழையைப் பத்தியாக்கும் சொல்லியாரு" என்பாள். இவள் ஏன் எல்லாவற்றையும் இரண்டாவது தடவை பேசுகிறாள் என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். அவளை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டு முடிந்தது தெரியாமல் நான் மட்டும் இன்னொரு வரி பாடினேன். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், பாடுவதில்லை. நாகர்கோவிலில் வாங்கிய காது மெஷின் கரண்டி விழுகிற சத்தத்தையும் மனிதர் பேசுகிற சத்தத்தையும் ஒன்றுபோலப் பெரிதாக்குகிறது. அது அலமாரியில் இருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வெளிநாட்டு வேலையை விட்டுவிடுவாயோ என்று ஒரு பயம். விடமாட்டாயோ என்று இன்னொரு பயம்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது நீ ஏதோ சொன்னாய், மருமகளும் பேத்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேத்தி என் முழங்கையைப் பிடித்து, "தாத்தா, நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டாள். அவள் என் முகத்துக்கு நேரே நின்றதால் அது எனக்குப் புரிந்தது. "என்ன மக்களே சொன்ன?" என்று உன்னைக் கேட்டேன். நீ கையை அசைத்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்றாய். நீ பாசமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். திரும்ப விளக்கிச் சொன்னால் சிரிப்பு போய்விடும், அவ்வளவுதான். ஆனால் அன்று இலையைப் பார்த்துக் குனிந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கபாயின் முகம் எனக்கு நினைவு வந்தது. நான் எல்லாரையும்விட ஒரு கணம் பிந்திச் சிரித்திருந்தேன்.

உன் செய்தி வந்த மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். நாகர்கோவிலில் இறங்கி, ராஜாக்கமங்கலம் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துப் போனேன். வழி சொன்னவர்கள் வாயைப் பார்த்தேன், கை காட்டிய திசையில் நடந்தேன். தென்னைகளுக்கு நடுவில் சின்ன வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின். அவளுடைய அக்காள் வெளியே வந்து, "ஆரு? எங்கயிருந்து வாறிய?" என்றார். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு எட்டியது. அதற்குள் மெஷினுக்குப் பின்னால் தங்கபாய் எழுந்து நின்றுவிட்டாள். தலை பாதி நரைத்திருக்கிறது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சிரிக்கவில்லை. அக்காள் ஏதோ கேட்க, நான் காதைத் திருப்பிக் குனிந்ததை அவள் பார்த்தாள். தன் காதைத் தொட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன். அவள் வந்து, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த நாற்காலியை இழுத்துத் திருப்பி, தன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அக்காளையும் அந்த வெளிச்சத்திலேயே உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். அளவு குறிக்கிற நோட்டு ஒன்றை எடுத்து எங்கள் நடுவில் வைத்தாள். ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவையும் செய்யாததை ஒரு நிமிஷத்தில் செய்து முடித்தாள்.

நான் எழுதினேன். அன்று உனக்குச் சொல்லாமல் விட்டது தப்பு, மன்னித்துக்கொள் என்று எழுதினேன். அவள் வாசித்தாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி எழுதினாள். "அன்றைக்கு என்ன சொன்னீர்கள் சார்?"

கோபப்படுவாள், அழுவாள், போகச் சொல்வாள் என்று எதற்கெல்லாமோ தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராகவில்லை. அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்ன பேசினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எல்லாருடைய குரலும் கேட்கப்பட வேண்டும், யாரையும் ஒதுக்கக் கூடாது, மேலே இருக்கிறவர்தான் முதலில் இறங்கி வர வேண்டும் என்று சொன்னதாக எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்று தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். "இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்று நான் தலையாட்டினேன். அவள் அக்காளிடம் கையால் ஏதோ சொன்னாள். அக்காள் என் பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகச் சொன்னார். "எனக்குக் கேக்காம என்னவோ பெரிய காரியம் பேசியாவன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தாளாம்." தங்கபாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

உன் பயிற்சியைப் பற்றியும், அந்தப் படத்தைப் பற்றியும் எழுதிக் காட்டினேன். படத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. என் போனில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். அந்தச் சேலை அவளுக்கு ஞாபகம் இருந்தது, தொட்டுக் காட்டினாள். என் மகன் இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன். "உங்கள் மகன் என்னிடம் கேட்கட்டும். என் கதை. நான் யோசித்துச் சொல்கிறேன்." கீழே தன் போன் நம்பரை எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

மத்தியானம் அக்காள் சாப்பிடச் சொன்னார். நெத்திலி அவியலும் சோறும். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். யாரும் வாயைத் திறந்து பேசவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர்கள் கையால் சண்டை போட்டுக்கொண்டார்கள், மீனில் உப்புக் கூடிவிட்டது என்பதைப் பற்றி என்று நினைக்கிறேன். எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும் தங்கபாய் உப்புப் பரணியைத் தட்டி, அக்காளைக் காட்டி, முகத்தைச் சுளித்தாள். அதற்கு நான் சிரித்தேன். உன் அம்மா போன பிறகு எதற்கென்று தெரிந்து நான் சிரித்தது அப்போதுதான்.

வியாழக்கிழமை நான் பேசமாட்டேன், மக்களே. உன் கூட்டத்தில் அந்தப் பதினைந்து நிமிஷம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். படத்தை எடுத்துவிடு. உனக்கு இது அவமானமாக இருக்கும், அப்பாவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எப்படித் திருப்பி எடுப்பது என்று தோன்றும். அதை நீயே தீர்மானித்துக்கொள், இந்த வேலை என்னைவிட உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்து உனக்குக் கைதட்டுகிறவர்களில் ஒரு பிள்ளையாவது கொஞ்சம் பிந்திக் கைதட்டும். அந்தப் பிள்ளையிடம் போய், கூட்டம் முடிகிறதுவரை காத்திராமல், கேள்.

தங்கபாய் கொடுத்த தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுது. உடனே பதில் போட மாட்டாள், பொறுத்திரு. முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடு. சம்மதித்தால், அவள் சொல்கிறபடி சொல். அந்த ஆறு வருஷத்தில் நான் மறந்துபோன, அல்லது எனக்குத் தெரியவே தெரியாத காரியங்கள் அவளிடம் நிறைய இருக்கும். அதில் என்னைப் பற்றி இதைவிட மோசமானதும் இருக்கலாம். அவள் என்ன சொன்னாள் என்று நீ எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அது உங்கள் இரண்டு பேருக்குள்ளும் நடக்கட்டும். நான் வெளியே இருந்துகொள்கிறேன்.

அப்பா
குலசேகரம்